இணைப் பேராசிரியருக்கான முணுமுணுப்பு

எங்கள் மருத்துவக் கல்லூரியில் இணைப் பேராசிரியர் ஆவதற்கு இதயத்தில் முணுமுணுப்பு இருக்க வேண்டும். உதவிப் பேராசிரியருக்கு அது தேவையில்லை. பேராசிரியருக்கு முணுமுணுப்போடு மண்ணீரலும் தொப்புள் வரை வீங்கியிருக்க வேண்டும். டீனுக்கு என்னென்ன வேண்டும் என்று தெரியவில்லை. அவரை யாரும் முழுதாகப் பார்த்ததில்லை.

விதி நியாயமானதுதான். மருத்துவ ஆசிரியர் என்பவர், மாணவர்கள் கற்றுக்கொள்வதற்கு ஏதாவது ஒன்றைத் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அதில் இருக்கிறது.

என் இதயம் நன்றாக இருந்தது. அதுதான் சிக்கல். தினமும் காலையில் பல் துலக்கியதும் ஸ்டெதாஸ்கோப்பை என் மார்பில் வைத்துக் கேட்பேன். லப், டப். நடுவில் மர்மர் எனப்படும் அந்த முணுமுணுப்பு இருக்காது. என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் பலருக்கு நல்ல முணுமுணுப்புகள் வந்துவிட்டன. ஒருவருடையதை வராந்தாவில் நின்றாலே கேட்கலாம்.

பதவி உயர்வுக் கமிட்டி மூன்றாவது முறையும் நிராகரித்தால் உதவிப் பேராசிரியர் கருவியாகிவிடுவார். ஆசிரியர் எண்ணிக்கையில் ஒன்று குறையும். கருவி எண்ணிக்கையில் ஒன்று கூடும். கல்லூரியை ஆய்வு செய்ய வருகிறவர்கள் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

என்னை இரண்டு முறை நிராகரித்திருந்தார்கள். மூன்றாவது கமிட்டி அன்று காலை கூடியது.

*

நுழைவாயிலில் டாக்டர் ஜெபக்குமார் சுவரில் இருந்தார். மயக்கவியல் துறையில் என் நண்பர். போன ஆண்டு அவருடைய மூன்றாவது கமிட்டி முடிந்தது. இப்போது வருகைப்பதிவு இயந்திரம். நெற்றியில் விரலை வைத்தால் போதும்.

வைத்தேன்.

"மீண்டும் முயலவும்," என்றார் ஜெபக்குமார்.

"ஜெபா, நான்தான். பூபதிராஜன்."

"மீண்டும் முயலவும்."

விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு வைத்தேன். எனக்குப் பின்னால் நர்சுகள் வரிசையாக நின்றார்கள். ஜெபக்குமார் என்னைப் பார்க்கவில்லை. அவர் கண்கள் இருந்த இடத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

"வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"விரலை நேராக வைக்கவும்," என்றார்.

லிஃப்டில் கூட்டம். ஒரு பெரியவர் என் இரண்டு கால்கள் மீதும் ஏறி நின்றுவிட்டார். நான் வலிக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"அறுபத்திரண்டு," என்றேன்.

பெரியவர் இறங்கி என்னைப் பார்த்தார். "சரிதான். முந்தாநாள் அறுபத்திரண்டரை கிலோ இருந்தேன். ரெண்டு நாளா சரியா சாப்பாடு எறங்கல்ல."

லிஃப்டை விட்டு இறங்கியதும் முழங்காலைத் தட்டிப் பார்த்தேன். தகரத்தின் சத்தம் லேசாக இருந்தது. வேறு எதன் சத்தமாகவும் இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டேன்.

*

நிர்வாகப் பிரிவு கண்காணிப்பாளர் பேச்சியம்மாள் மேசையில் முறுக்கு இருந்தது. எனக்கும் ஒன்று எடுத்துக் கொடுத்தார். வழக்கமாகக் கொடுக்க மாட்டார்.

"உக்காருங்க சார். இப்பல்லாம் உக்கார முடியுதுல்லா?"

"முடியுது. ஏன் கேக்கீங்க?"

"சும்மாதான் கேட்டேன்."

"கமிட்டி எந்த ரூம்ல?"

"வராந்தா கடைசில சார். ஆனா இன்னைக்கு ஆய்வுக்காரங்க அளக்க வந்திருக்காங்க. விதிப்படி இருக்க வேண்டிய நீளம் நம்ம வராந்தாவுக்கு இல்லையாம். அதனால அது நீண்டுக்கிட்டு இருக்கு. கொஞ்சம் முன்னாடியே கெளம்பிருங்க."

சரி என்றேன். முறுக்கைக் கடிக்க முடியவில்லை.

"ஓ.பி.ல எடை மிஷின் ரிப்பேரு," என்றார் பேச்சியம்மாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "மத்தியானத்துக்குள்ள புதுசு ஒண்ணு வரும்னு ஸ்டோர்ல சொல்லி வச்சிருக்கோம்."

"அது நானா?"

"பேரெல்லாம் கேக்க மாட்டாங்க சார். நின்னா எடை காட்டணும். அவ்வளவுதான்."

வெளியே வந்தபோது மனைவி போனில் கூப்பிட்டாள். அவள் பெயர் வேலம்மாள். எதையும் முன்கூட்டியே செய்துவைக்கிறவள்.

"என்னங்க, ஆயிருமா?"

"தெரியல்ல."

"ஃபிரிட்ஜ் பக்கத்துல எடம் ஒதுக்கி வச்சிருக்கேன். லீவு நாள்ல உங்கள வீட்டுக்குக் கொண்டு வந்தா வைக்கணும்லா."

"எடை மிஷினுக்கு லீவு உண்டா?"

"கேட்டுச் சொல்லுங்க," என்று வைத்துவிட்டாள். பின்னால் எதையோ இழுத்து நகர்த்தும் சத்தம் கேட்டது.

*

ஆண்கள் மருத்துவ வார்டின் மூன்றாம் கட்டிலில் தங்கப்பழம் படுத்திருந்தார்.

தங்கப்பழம் தேர்வு நோயாளி. எல்லா மருத்துவக் கல்லூரியிலும் இப்படிச் சிலர் உண்டு. தேர்வு நேரத்தில் துறையிலிருந்து ஆள் அனுப்பி ஆட்டோவில் கூட்டி வருவார்கள். மாணவர்கள் அவர்களைப் பரிசோதித்து நோய் இன்னதென்று சொல்ல வேண்டும். தங்கப்பழத்தின் இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருந்தது. அதன் முணுமுணுப்பு தூரத்துப் பாலத்தில் ரயில் போவதுபோல் இருக்கும். ஒரு தலைமுறை டாக்டர்கள் அதைக் கேட்டுத்தான் தேறினார்கள். அவருக்கு அறுவை சிகிச்சை செய்யலாம் என்று பேச்சு எழும்போதெல்லாம் தேர்வு வந்துவிடும்.

அவர் பாலில் ரொட்டியை நனைத்துத் தின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சார். மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்கு?"

"இன்னைக்கு கமிட்டி."

"மர்மர் வந்துட்டா?"

"இல்ல."

அவர் என்னைக் கட்டிலில் உட்காரச் சொன்னார். என் மார்பில் காதை வைத்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார்.

"சுத்தமா இருக்கு சார். இத வச்சுக்கிட்டு எங்க போயி நிப்பீங்க."

"உங்களுடையதக் கடனாத் தர முடியுமா? ஒரு மணி நேரம்."

கேட்டுவிட்டேன். கேட்பதில் தவறில்லை. ஆய்வு வரும்போது ஆசிரியர்களையும் நோயாளிகளையும் பக்கத்து ஊர்களிலிருந்து கடன் வாங்கும் கல்லூரிகள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

தங்கப்பழம் ரொட்டியை மென்று முடித்தார்.

"இந்த ஜில்லாவுல என் மர்மர் மாதிரி வேற கெடையாது, பாத்துக்கிடுங்க. யாருக்கும் குடுத்ததில்ல. போன வருசம் ஒரு புரொபசர் காலப் பிடிக்காத கொறயாக் கேட்டாரு."

"தெரியும்."

"மத்தியானம் பரீச்ச இருக்கு. அதுக்கு முன்னாடி வந்திரணும்."

"வந்திருவேன்."

"ஈடா என்ன தாரீங்க?"

என்னிடம் வெள்ளைக் கோட்டுதான் இருந்தது. கழற்றிக் கொடுத்தேன். அவர் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். காலரில் இருந்த மைக்கறையைக் காட்டி, "இது முன்னாலயே இருந்ததுதான், சொல்லிட்டேன்," என்றார். பிறகு அணிந்துகொண்டார். அவருடைய கட்டம் போட்ட சட்டையை எனக்குத் தந்தார்.

மாற்றுவது எளிதாக இருந்தது. ஸ்டெதாஸ்கோப்பின் வட்ட முனையை அவர் மார்பில் வைத்தேன். காதில் மாட்ட வேண்டிய இரண்டு முனைகளையும் என் மார்பில் அழுத்திக்கொண்டேன். அவர் இடது பக்கம் சாய்ந்து படுத்து ஒரு முறை இருமினார்.

வந்துவிட்டது. விலா எலும்புகளுக்குள் ரயில் நுழைந்தது.

"பத்திரம் சார்," என்றார். "ரெண்டு விசயம் சொல்லுதேன். இடது பக்கம் சாஞ்சு படுத்தாதான் நல்லாக் கேக்கும். குழாயோட குழிஞ்ச பக்கத்த வைக்கணும். பரீச்சைல நான் எல்லாப் பிள்ளைக்கும் இதச் சொல்ல மாட்டேன்."

"யாருக்குச் சொல்லுவீங்க?"

"குழாயக் கையில தேய்ச்சுச் சூடு பண்ணிட்டு வைக்கிற பிள்ளைக்கு மட்டும். சில்லுனு வைக்கிறவன் பெயிலாப் போகட்டும்."

நான் எழுந்தேன். லேசாக மூச்சு வாங்கியது. கமிட்டிக்குத் தாமதமாகிவிடும் என்ற பயத்தில் கதவை நோக்கி நடந்துகொண்டே பேசினேன். ஓ.பி.யில் ஒவ்வொரு நோயாளியையும் அனுப்பும்போது சொல்கிற வாக்கியம் தானாக வாயிலிருந்து வந்தது.

"தொந்தரவு ஏதாவது இருந்தா மட்டும் வந்து பாருங்க."

"சரி சார்," என்றார் தங்கப்பழம். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

*

வராந்தா நீண்டுகொண்டிருந்தது. அளக்க வந்தவர்கள் இருவர். ஒருவர் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர் மறுமுனையோடு போய்க்கொண்டிருந்தார். அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. குரல் மட்டும் வந்தது.

"போதுமா?"

"இன்னும் வேணும்."

வராந்தா இன்னும் கொஞ்சம் நீண்டது. புதிய கதவுகள் முளைத்தன. அவற்றில் பெயர்ப்பலகைகள் இருந்தன. ஆட்கள் இல்லை.

நான் நடந்தேன். முன்பு இப்படி நடந்ததில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்று, மூச்சு எடுத்து, மறுபடி நடந்தேன். ஒரு பெஞ்சில் நோயாளிகளோடு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பெண் எழுந்து இடம் கொடுத்தாள்.

"உக்காருங்கண்ணே. கூட யாரும் வரல்லையா?"

"நான் இங்க டாக்டர்."

"சரிண்ணே," என்றாள். தன் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். "காய்ச்சல் போல. ஏதேதோ பேசுதாரு."

கமிட்டி அறை வாசலில் ஸ்டோர் ஆள் தள்ளுவண்டியோடு நின்றான். வண்டியில் ஒரு பழைய கோணிச்சாக்கு மடித்து வைக்கப்பட்டிருந்தது. அவன் என் உயரத்தைக் கண்ணால் அளந்தான்.

*

உறுப்பினர்கள் மூவர். தலைவர் டாக்டர் வசந்தகோகிலம், வெளியூர்ப் பேராசிரியர். தன் மண்ணீரலை மேசைமேல் வசதியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாமவர் ஒல்லியானவர், தூங்கிக்கொண்டிருந்தார். மூன்றாமவர் எக்ஸ்ரே படமாக வந்திருந்தார். அவரை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்தார்கள். மேகம் விலகும்போது கருத்துச் சொன்னார்.

"கோட்டு எங்கே?" என்றார் வசந்தகோகிலம்.

"ஈடு வைத்திருக்கிறேன்."

"நல்லது. படுங்க."

மேசையின் மறுமுனையில் படுத்தேன். இடது பக்கம் சாய்ந்தேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். குளிர்ந்தது. வெகுநேரம் கேட்டார். என் முழங்கால் தகரம்போல் ஒருமுறை சத்தமிட்டது. நான் அதைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"எத்தனை நாளா இருக்கு?"

"இன்னைக்குக் காலைலேர்ந்து."

"அனுபவம் போதாது."

கதவுக்கு வெளியே தள்ளுவண்டியின் சக்கரம் ஒரு முறை கிறீச்சிட்டது.

மேகம் விலகியது. "ஒலியில் அனுபவம் தெரிகிறது," என்றார் எக்ஸ்ரே. "பழைய முணுமுணுப்பு. சிறு வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்திருக்க வேண்டும். கேளுங்கள்."

"வந்ததா?" என்றார் வசந்தகோகிலம்.

எனக்குச் சிறுவயதில் அம்மை மட்டும்தான் வந்தது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன்.

"வந்துச்சும்மா. தீப்பெட்டி ஆபீஸ்ல குச்சி அடுக்கிட்டு இருந்தேன். முழங்காலு ரெண்டும் வீங்கிப்போச்சு. எங்கக்கா இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தா. பாதி வழில அவளும் உக்காந்துட்டா."

சொல்லும்போது அந்த அக்காவின் முகம் எனக்குத் தெரிந்தது. அவள் கழுத்தில் வெடிமருந்து வாசனை அடித்தது. எனக்கு அக்கா கிடையாது. கண்ணில் நீர் வந்தது.

தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் திறந்தார். "சான்றிதழ் வேண்டாம். அழுகிறார்," என்றார்.

"தகுதி உண்டு," என்றார் வசந்தகோகிலம். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள், இணைப் பேராசிரியர். ஆண்கள் மருத்துவ வார்டில் ஒரு பணியிடம் காலியாக இருக்கிறது. உடனே போய்ச் சேருங்க."

"எந்த யூனிட்?"

"மூன்றாம் கட்டில்."

"அதில் ஒருவர் இருக்கிறாரே."

"காலை வரை இருந்தார்," என்றது ஜன்னல். மேகம் வந்து மூடிக்கொண்டது.

*

திரும்பும்போது வராந்தா சரியான நீளத்தில் இருந்தது. எனக்கு அதுவே அதிகமாக இருந்தது.

மூன்றாம் கட்டிலில் விரிப்பை மாற்றியிருந்தார்கள். தங்கப்பழம் இல்லை. நர்ஸ் ஒரு கோப்பைப் பாலும் ரொட்டியும் கொண்டு வந்து வைத்தாள். என் சட்டையைப் பார்த்தாள்.

"படுங்க. எங்க சுத்தப் போனீங்க?"

"இங்க இருந்தவர் எங்கே, சிஸ்டர்?"

"டாக்டரா? மாடிப்படில இருக்காரு. காலைலேர்ந்து ஏறி எறங்கிட்டே இருக்காரு."

படிக்கட்டுக்குப் போனேன். தங்கப்பழம் என் கோட்டில் மேலிருந்து இறங்கி வந்தார். இரண்டு இரண்டு படியாக இறங்கினார். கடைசிப் படியில் குதித்தார். முகம் சிவந்திருந்தது.

"பாத்தீங்களா சார். மூச்சு வாங்கல்ல. நானும் எங்கயாவது வாங்கும் வாங்கும்னு பாக்கேன். வாங்கல்ல. டீக்கட வரைக்கும் ஓடிப் பாத்தேன். அங்கயும் வாங்கல்ல."

"தங்கப்பழம், கமிட்டி முடிஞ்சிட்டு. மத்தியானம் ஆகப்போகுது."

"முடிஞ்சிட்டா? ரொம்ப சந்தோசம்."

"திருப்பி வாங்கிக்கிடுங்க."

அவர் என்னை அன்போடு பார்த்தார்.

"தொந்தரவு இருந்தா மட்டும் வரச் சொன்னீங்கள்லா. எனக்கு இப்ப ஒரு தொந்தரவும் இல்ல சார்."

"அது சும்மா சொல்லுறது. எல்லார்கிட்டயும் சொல்லுவேன்."

"எல்லாரும் கேட்டுத்தான் நடக்கோம்," என்றார். என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிடி சரியாக இருந்தது. மூன்று விரல்கள், லேசான அழுத்தம், நான் பிடிப்பதுபோலவே. "வேகமா அடிக்கி. நீங்க படியேறக் கூடாது சார். போயிப் படுங்க."

நுழைவாயில் பக்கம் போனார். நான் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். அவர் ஜெபக்குமாரின் நெற்றியில் விரலை வைப்பது தெரிந்தது.

"பதிவானது," என்றார் ஜெபக்குமார். முதல் தடவையிலேயே. "வணக்கம், டாக்டர் பூபதிராஜன்."

நான் சத்தம் போட்டுத் தடுத்திருக்கலாம். மூச்சு போதவில்லை. அப்போது ஸ்டோர் ஆள் தள்ளுவண்டியோடு என் எதிரே வந்து நின்றான். கோணிச்சாக்கை விரித்துக் கையில் பிடித்திருந்தான். குனிந்து என் மார்பில் காதை வைத்தான். ரயில் போய்க்கொண்டிருந்தது. அவன் அது பாலத்தைக் கடக்கும்வரை கேட்டான். தலையாட்டினான். சாக்கை மடித்து வைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு குழந்தைகள் நலத்துறைப் பக்கம் போனான். அங்கும் இரண்டு முறை நிராகரிக்கப்பட்ட ஒருவர் இருந்தார்.

நான் முழங்காலைத் தட்டிப் பார்த்தேன். எலும்புதான். கட்டிலுக்குத் திரும்பினேன்.

*

"ஆயிருச்சு," என்றேன் வேலம்மாளிடம், போனில்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். "மிஷினாகல்லயே?"

"ஆகல்ல."

"வீட்டுக்கு எப்ப வருவீங்க?"

"பரீச்ச முடியணும்."

"எந்தப் பரீச்ச?"

"வருசா வருசம் நடக்கிறது."

"சாப்பாடு?"

"இங்கயே குடுக்காங்க. பாலும் ரொட்டியும்."

"அப்ப ஃபிரிட்ஜ் பக்கத்துல வாஷிங் மிஷின நகர்த்திரட்டா?"

"நகர்த்து," என்றேன்.

*

மதியம் தேர்வு தொடங்கியது. தங்கப்பழம் தேர்வாளர்களின் நடுவில் நின்றார். கோட்டை இஸ்திரி போட்டிருந்தார்கள். காலரில் மைக்கறை அப்படியே இருந்தது. அவர் என் பக்கம் பார்த்தார், முகத்தை அல்ல. ஒரு நல்ல நோயாளியைத் தேர்வாளர் பார்ப்பதுபோல் மார்பைப் பார்த்தார்.

முதலில் வந்த பையன் பெயரையும் வயதையும் வேலையையும் கேட்டான். தீப்பெட்டி ஆபீஸ் என்றேன். ஸ்டெதாஸ்கோப்பைச் சில்லென்று வைத்தான். நான் மல்லாந்தே படுத்திருந்தேன்.

"என்ன கேட்டீங்க, தம்பி?" என்றார் தங்கப்பழம்.

"நார்மல், சார்."

"இன்னொரு தடவ படிச்சிட்டு வாங்க."

அடுத்து ஒரு பெண் வந்தாள். இரண்டு இரவுகளாவது தூங்கியிருக்க மாட்டாள். குழாயை எடுத்தவள், வைக்கப்போன இடத்தில் நிறுத்தினாள். அதை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். வாயருகே கொண்டுபோய் ஊதினாள். மறுபடி தேய்த்தாள்.

நான் இடது பக்கம் சாய்ந்து படுத்தேன். அவள் குனிந்தாள்.

"குழிஞ்ச பக்கத்த வையும்மா," என்றேன், உதடு அசையாமல். "மூச்ச வெளிய விட்டு நிறுத்தச் சொல்லு. அப்பக் கேளு. ரயில் மாதிரி கேக்கும்."

அவள் முகம் மாறியது. கேட்டுவிட்டது. கண்களை மூடி, முழுவதும் கேட்டாள். என்னிடமிருந்து ஒருவர் இவ்வளவு கவனமாகக் கற்றுக்கொண்டதை நான் அதுவரை பார்த்ததில்லை.

தங்கப்பழம் எங்களை நோக்கி நடந்து வந்தார். அவர் காலடிச் சத்தம் இளைப்பில்லாமல் இருந்தது.

"சார்," என்றாள் அவள் மெதுவாக, குழாயை எடுக்காமலே. "நீங்க டாக்டரா?"

"இணைப் பேராசிரியர்," என்றேன்.

"பேசாதீங்க," என்றாள். "மூச்ச நல்லா இழுத்து விடுங்க."